மைனஸ் ரெண்டாவது லெவல்

பியாட்ரிஸை முதன்முதலில் ரயிலில் பார்த்ததாகத்தான் விநாயக் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தான். அது உண்மையில்லை. அதற்கு எட்டு மாதம் முன்பிருந்தே அவன் மேஜைக்கடியில் இருக்கும் குப்பைக்கூடையைத் தினமும் எடுத்துக் கொட்டிக்கொண்டிருந்தவர் அவர்தான். இவன் நிமிர்ந்து முகத்தைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

பூதிகோட்டைக்குப் பக்கத்தில் அவன் கிராமம். முதல் பஸ்ஸைப் பிடித்துப் பங்காருபேட்டைக்கு வந்து, மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் ரயிலில் ஏறுவான். ரயில் அங்கே வருவதற்குள் கோலார் தங்கவயல்காரர்கள் எல்லாச் சீட்டிலும் உட்கார்ந்து, பாதிப் பேர் தூங்கியும் போயிருப்பார்கள். ஒயிட்ஃபீல்டு வரை நின்றுகொண்டே போவது அவனுக்குப் பழகிவிட்டது. ஒரு பிப்ரவரி மாதக் காலையில் அவன் நின்ற இடத்துக்கு நேர் எதிரே, நீலச் சீருடைமேல் ஸ்வெட்டர் போட்டிருந்த ஒரு பெண், மடியில் பத்தாம் வகுப்புக் கணக்குக் கைடை விரித்து வைத்துக்கொண்டு அதைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் அஞ்சு எக்ஸ் பிளஸ் ஆறு. தோ பாரு ராதிகா, இவன் பாட்டுக்கு எழுதிட்டு ஈக்வல் டு சைபர்ன்றான். சைபருக்குப் போறதுக்கு எதுக்குடா இவ்ளோ தூரம்?"

விநாயக்கால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "ரெண்டும் மூணும்" என்றான்.

"இன்னாது?"

"விடைங்க. எக்ஸ் ரெண்டா இருக்கலாம், மூணா இருக்கலாம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் பி.எஸ்சி. மேத்ஸ்."

அவன் கிராமத்தில் அந்த மூன்று சொல்லுக்கு நாற்காலி போடுவார்கள். அவன் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன். அதனால் சொல்லும்போது குரல் தானாகவே கொஞ்சம் உயர்ந்துவிடும். பெட்டியில் இரண்டு பேர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்கள். அந்தப் பெண் மட்டும் பக்கத்தில் இருந்தவளை இடித்தார்.

"ராதிகா, நவுரு. பி.எஸ்சி. வந்துகீது, உக்காரட்டும். ஆனா தம்பி, சீட்டு சும்மா கெடையாது. ஒயிட்ஃபீல்டு வர்றதுக்குள்ள எனக்கு இது புரியணும். புரியலன்னா நாளைக்கு நின்னுக்கினே வா."

உட்கார்ந்ததும் அவன் கழுத்தில் தொங்கிய அட்டையை இழுத்துப் பார்த்தார். "அட, நம்ம பில்டிங்கு! அஞ்சாவது மாடியா? ஜன்னலோரம், காஞ்சுபோன செடி ஒண்ணு வெச்சிகீற டேபிளு?"

"ஆமா... உங்களுக்கு எப்படி..."

"நான்தான் தொடைக்கிறேன். டீக்கு சக்கரை பாக்கெட்டு கிழிக்கிறியே, அந்த மூலையைக் கூடையில போடு தம்பி. தரையில போட்டா எறும்பு எங்கிட்டதான் வந்து கேக்குது."

ராதிகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விநாயக்குக்குக் காது மடல் சுட்டது. ஒயிட்ஃபீல்டு வருவதற்குள், பெருக்கினால் ஆறும் கூட்டினால் ஐந்தும் வரும் இரண்டு எண்களைத் தேட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டான். பியாட்ரிஸ் அதை ஒரே பிடியில் பிடித்துக்கொண்டார். "ஷிஃப்டுக்கு ஜோடி போடுற மாதிரின்னு சொல்லேன். ரெண்டு பேரும் சேந்தா வேலையும் முடியணும், சண்டையும் வரக்கூடாது" என்றார்.

பியாட்ரிஸின் கதை இதுதான். பிறந்தது தங்கவயலில் நந்திதுர்க் சுரங்கப் பகுதியில், சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய லைன் வீட்டில். அப்பா இருபத்தாறு வருஷம் பூமிக்கடியில் வேலை பார்த்தவர். பத்தாம் வகுப்பில் பியாட்ரிஸ் கணக்கில் மட்டும் தவறினார். அடுத்த வருஷம் எழுதலாம் என்று இருந்தபோது அப்பாவுக்கு நெஞ்சு கெட்டது, வீடு ஆஸ்பத்திரிக்கும் சர்ச்சுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தது, கணக்குப் பரீட்சை யாருக்கும் நினைவில்லை. பிறகு சுரங்கத்தையே மூடினார்கள். கொர்னேலியஸ் என்ற பெயிண்டரோடு கல்யாணம். ஜாய் என்று ஒரு மகள். கடந்த பதினோரு வருஷமாக ஒயிட்ஃபீல்டுப் பக்கம் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் துப்புரவு வேலை.

அந்தப் பதினோரு வருஷத்தில் மூன்று சூபர்வைசர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அவர். எந்தத் தரைக்கு எந்த மருந்து, எந்த லிஃப்ட் எப்போது மாட்டிக்கொள்ளும், எந்த மாடிக் குழாயைக் கைத்துணி சுற்றித் திறக்க வேண்டும், எல்லாம் சொல்லித் தந்தது அவர். மூன்று பேரும் அவரைவிடப் பத்து வயது சின்னவர்கள். மூன்று பேரிடமும் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருந்தது. அவரிடம் இல்லை. சென்ற வருஷம் இரண்டு சூபர்வைசர் இடம் காலியானபோது துப்புரவு நிறுவனம் ஒரு சலுகை அறிவித்தது. சான்றிதழ் இல்லாதவர்கள் ஒரு தனியார் பயிற்சி நிறுவனம் நடத்தும், பத்தாம் வகுப்புக்குச் சமமான தேர்வை எழுதலாம். நூற்றுக்கு முப்பத்தைந்து வாங்கினால் போதும். தேர்ச்சிக் கடிதத்தை ஜூலை பதினைந்துக்குள் கொடுக்க வேண்டும்.

பினாயில் கலக்கத் தெரிந்தவர்களை மேற்பார்வை பார்க்க இருபடிச் சமன்பாடு எதற்கு என்று விநாயக் ஒருநாள் கேட்டே விட்டான். பியாட்ரிஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கு மட்டும் எதுக்கு? அஞ்சாவது மாடில உக்காந்து பில்லுதானே அடிக்கிற? எக்ஸ் ஸ்கொயர் வெச்சா அடிக்கிற? கேக்குறாங்க, எழுதுறோம். முடியாதுன்னு நெனச்சிக் கேக்குறாங்க, அதுக்காகவே எழுதுறேன்."

நாலு மாதம் அந்த ரயில் பெட்டி வகுப்பறையானது. அந்தக் கட்டடத்தில் வேலை செய்யும் தங்கவயல் பெண்கள் ஆறு பேர் சேர்ந்துகொண்டார்கள். பியாட்ரிஸ், ராதிகா, ஐம்பதைத் தாண்டிய ரத்தினம்மா, இன்னும் மூன்று பேர். இருபடிச் சமன்பாட்டின் விடைக்கு மூலம் என்று பெயர் என்று விநாயக் முதல்நாள் சொன்னபோது பெட்டியே குலுங்கியது. "மூலம்னா எங்க ஊர்ல வேற வியாதிப்பா. அது வந்தா உக்காரவே முடியாது" என்றார் ரத்தினம்மா. அன்றிலிருந்து எல்லோருக்கும் அது விடைதான்.

ஒரு விதியை மட்டும் அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். இருபடிச் சமன்பாட்டுக்கு இரண்டு விடை வரும். வாழ்க்கைக் கணக்காக இருந்தால், மைனஸில் வருவதை அடித்துவிட வேண்டும். "அகலத்தைவிட நீளம் மூணு அடி அதிகம், பரப்பு நாப்பது. அகலம் எவ்வளவு? அஞ்சும் வரும், மைனஸ் எட்டும் வரும். மைனஸ் எட்டு அடி அகலத்துல வீடு இருக்குமா? அடிச்சிடுங்க."

"எங்க லைன் வீட்டை அளந்தா வந்தாலும் வரும்" என்றாள் ராதிகா.

பியாட்ரிஸ் சிரிக்கவில்லை. "எல்லா மைனஸையும் அடிக்கணுமா தம்பி?"

"வார்த்தைக் கணக்குன்னா அடிச்சிடுங்க அக்கா. யோசிக்கவே வேணாம்."

யோசிக்கவே வேண்டாம் என்று பி.எஸ்சி. படித்தவன் சொன்னான். அதை நினைத்தால் அவனுக்கு இன்றைக்கும் கூசும்.

தேர்வு ஜூன் மாதம், அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு பெரிய அறையில் நடந்தது. பல இடங்களிலிருந்தும் இருபத்திரண்டு பேர் எழுதினார்கள். முடிவு வந்தபோது பதினாறு பெயருக்கு எதிரே மதிப்பெண் இருந்தது. தங்கவயல் பெண்கள் ஆறு பேருக்கு எதிரே மட்டும் 'நிறுத்திவைக்கப்பட்டது' என்று இருந்தது. காரணம் காப்பியடித்தல்.

பியாட்ரிஸ் அன்று ரயிலில் கைடைத் திறக்கவில்லை. "ஸ்கூல்ல ஃபெயிலானப்போ கூட என்னை ஃபெயிலுன்னுதான் சொன்னாங்க. திருடின்னு சொல்லல" என்றார்.

விசாரணை ஜூலை எட்டாம் தேதி. விநாயக் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு இறங்கினான். பயிற்சி நிறுவனத்திலிருந்து நாகேஷ் என்பவர் வந்திருந்தார். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. முன்னால் ஆறு விடைத்தாள்கள். நின்றுகொண்டிருந்த ஆறு பேரையும் உட்காரச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

"நானும் கோலார்தாம்மா. நம்ம பக்கத்து ஜனம்னுதான் நேர்ல வந்து பேசுறேன்" என்று ஆரம்பித்தார். "பதினேழாவது கேள்வி. நாலு மார்க். படிக்கிறேன் கேளுங்க. ஒரு கட்டடத்தில் லிஃப்ட் எக்ஸ் என்ற எண்ணுள்ள தளத்தில் நிற்கிறது. அந்த எண்ணின் வர்க்கத்திலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் ஆறு. லிஃப்ட் எங்கே நிற்கிறது?"

விநாயக் மனசுக்குள் போட்டுப் பார்த்தான். எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் எக்ஸ் மைனஸ் ஆறு. பெருக்கினால் மைனஸ் ஆறு, கூட்டினால் மைனஸ் ஒன்று. ஜோடி மைனஸ் மூன்றும் பிளஸ் இரண்டும். விடை மூன்று, மைனஸ் இரண்டு. மைனஸை அடித்தால் மூன்று. எளிய கணக்கு.

"விடை மூணாவது மாடி. மத்தவங்க எல்லாரும் அப்படித்தான் எழுதியிருக்காங்க, இல்லன்னா தப்பா எழுதியிருக்காங்க. நீங்க ஆறு பேர் மட்டும் மைனஸ் ரெண்டையும் அடிக்காம விட்டிருக்கீங்க. ஒரே தப்பு, ஆறு பேர். சரி, அது கூடப் போகட்டும். இது என்னம்மா?" ஒவ்வொரு தாளாகத் திருப்பிக் காட்டினார். "மூணாவது மாடி அல்லது மைனஸ் ரெண்டாவது லெவல். லெவல், லெவல், லெவல். கேள்வியில லெவல்னு ஒரு வார்த்தை இல்ல. ஆறு பேருக்கும் அது எங்கேர்ந்து வந்தது? ஒருத்தி எழுதினதைப் பாத்து மத்தவங்க எழுதலன்னா, ஆறு பேருக்கும் ஒரே கனவா?"

ரத்தினம்மா மெதுவாகக் கேட்டார். "லெவல லெவல்னு சொல்லாம வேற இன்னான்னு சொல்லுவாங்க?"

அப்போதுதான் விநாயக்குக்குச் சுருக்கென்று தைத்தது. இந்த ஆறு பேரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்து அவரவர் தலையால் யோசித்து எழுதியிருக்கிறார்கள். அவன் சொல்லிக்கொடுத்த விதியை ஆறு பேரும் தனித்தனியாகத் தூக்கி எறிந்திருக்கிறார்கள். தங்கவயலில் தரைக்குமேல் இருப்பது மாடி, தரைக்குக் கீழே சுரங்கத்தில் ஒவ்வொரு ஆழமும் ஒரு லெவல். இந்த ஆறு பேரும் சின்ன வயதில், 'அப்பாக்கு இன்னிக்கு எந்த லெவலு' என்று கேட்டு வளர்ந்தவர்கள். இந்தக் கட்டடத்துக்கு வந்த முதல் நாளிலிருந்தே கீழ்த்தளத்தை அவர்கள் லெவல் என்றுதான் சொல்கிறார்கள். பேஸ்மென்ட் என்ற சொல் அவர்கள் வாயில் வந்ததே இல்லை. கோலாரில் பிறந்த மனிதருக்கு இது தெரியவில்லை.

"சார், அது அவங்க ஊர் பேச்சு..." என்று விநாயக் ஆரம்பித்தான்.

"நீங்க யாரு?"

"அவங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன்."

"ஓ, அப்ப காப்பி உங்ககிட்டேர்ந்துதான் ஆரம்பமா?"

பியாட்ரிஸ் ஒரு அடி முன்னால் வந்தார்.

"சார், அந்தத் தம்பி மைனஸை அடின்னுதான் சொல்லிக்குடுத்தாரு. வயசுக்கு அடிப்பேன், வீட்டு அகலத்துக்கு அடிப்பேன். லிஃப்ட்டு கணக்குல எப்படி அடிக்கிறது? மைனஸ் ரெண்டுல என் பக்கெட்டு கீது. தெனம் காலையில மொதல்ல அங்கதான் எறங்குறேன்."

"பக்கெட்டு இருக்கட்டும்மா. விடைக் கீ தயாரிச்சவங்க பெரிய பெரிய படிப்பு படிச்சவங்க. மைனஸ் மாடி கெடையாதுன்னு போட்டிருக்காங்க."

"சரி சார். நீங்க கார்ல வந்தீங்களா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"எங்க நிறுத்தினீங்க?"

"கீழ, மைனஸ் டூல. மைனஸ் ஒன்ல எடம் இல்லன்னு செக்யூரிட்டி..." அதோடு நிறுத்திக்கொண்டார்.

முதலில் சிரித்தது ராதிகா. அப்புறம் ரத்தினம்மாவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பியாட்ரிஸ் மட்டும் சிரிக்கவில்லை. "இல்லாத எடத்துல காரை விட்டுட்டு வந்துகிறீங்களே சார். தொலைஞ்சுறப் போகுது" என்றார்.

தன் தப்பைக் கண்ணெதிரே கண்ட மனிதர் என்ன செய்ய வேண்டும்? தாளை எடுத்து நாலு மார்க் போட்டு, மன்னிக்கணும்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாகேஷ் அதைச் செய்யவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். விடைக் கீ தலைமை அலுவலகத்தில் கையெழுத்தானது, அதை மாற்றத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். தன்னால் முடிந்தது ஒன்றுதான் என்று பையிலிருந்து ஆறு காகிதங்களை எடுத்து வைத்தார்.

கன்னடத்தில் அச்சடித்த காகிதம். மேலே 'தப்பொப்பிகெ பத்ர' என்று இருந்தது. தப்பு செய்தேன் என்று ஒப்புக்கொள்ளும் கடிதம். இதில் கையெழுத்துப் போட்டால் முறைகேடு மன்னிக்கப்படும், குறைகிற மார்க்குக் கருணை மதிப்பெண் போட்டு இன்றைக்கே தேர்ச்சிக் கடிதம் தருவார். பியாட்ரிஸுக்கு அந்தக் கேள்வி இல்லாமல் முப்பத்து மூன்று. இரண்டு மார்க் கருணை போதும்.

"ஜூலை பதினஞ்சு கடைசி நாளு. யோசிங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"நாலு மார்க்கு என்னது சார். அதுல ரெண்டை எடுத்துக் கருணைன்னு எங்கிட்டயே குடுக்குறீங்க" என்றார் பியாட்ரிஸ். "சரியா எழுதினதுக்கு நான் எதுக்கு மன்னிப்பு கேக்கணும்?"

வராந்தாவில் ராதிகா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் நனைந்திருந்தது. "அக்கா, கருணையோ கிருணையோ, வாங்கிக்கலாம்கா. நீ போடலன்னா நான் எப்படிப் போடுறது? எனக்கு இந்த வேலை வேணும். ரெண்டு புள்ளைங்கள வெச்சிக்கினு தனியா கீறேன், உனக்குத் தெரியாதா?"

"நீ போடுடி. நான் இன்னா வேணான்னா சொன்னேன்? உன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. நான்தான் போட மாட்டேன்."

"போடுங்க அக்கா" என்று விநாயக்கும் சொன்னான். சொன்ன உடனே வெட்கமாக இருந்தது. "இப்ப வேலைய வாங்கிக்குங்க. அப்புறம் சண்டை போடலாம்."

"அப்புறம் இன்னான்னு சண்டை போடுறது? நானே கையெழுத்து போட்டுட்டு, நான் செய்யலன்னா?" அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பரீட்சை எழுதி நீ மார்க்கு வாங்கினப்போ யாராவது உன்னைத் திருடன்னாங்களா? சொல்லியிருந்தா கையெழுத்து போட்டிருப்பியா?"

விநாயக் தான் பட்டம் வாங்கிய அன்று ஊரே கூடி மாலை போட்டதை நினைத்துக்கொண்டான். அந்த மாலைக்கு முன்னால் எவனாவது இப்படி ஒரு காகிதத்தை நீட்டியிருந்தால் அவன் அப்பா என்ன செய்திருப்பார்?

நாலு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ராதிகாவும் அதில் ஒருத்தி. பியாட்ரிஸும் ரத்தினம்மாவும் போடவில்லை. "எனக்கு சூபர்வைசர் ஆவுற வயசு தாண்டிப்போச்சு. ஆனா பியாட்ரிஸை ஒண்டியா நிக்க வெச்சிட்டு எந்த மூஞ்சியோட ரயில் ஏறுறது?" என்றார் ரத்தினம்மா.

அன்று மாலை ரயிலிலேயே மனு எழுதினார்கள். பியாட்ரிஸ் சொல்லச் சொல்ல விநாயக் ஆங்கிலத்தில் எழுதினான். லிஃப்ட் பொத்தான்களின் படம் எடுத்து இணைத்தான். அதில் பூஜ்யத்துக்குக் கீழே மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு என்று பளிச்சென்று இருந்தது. இரண்டு விடையையும் கேள்வியில் போட்டுச் சரிபார்த்துக் காட்டினான். மூன்றின் வர்க்கம் ஒன்பது, அதில் மூன்று போனால் ஆறு. மைனஸ் இரண்டின் வர்க்கம் நாலு, அதிலிருந்து மைனஸ் இரண்டைக் கழித்தால் ஆறு. 'தயவுசெய்து பரிசீலிக்கவும்' என்று முடித்ததை பியாட்ரிஸ் அடிக்கச் சொன்னார்.

"தயவு எதுக்கு? 'திருத்தவும்'னு எழுது."

ஜூலை பதினைந்து வந்தது, போனது. பதில் வரவில்லை. பதினாறாம் தேதி ராதிகாவும் வேறொரு கட்டடத்துப் பெண்ணும் சூபர்வைசர் ஆனார்கள். ராதிகா இரண்டு வாரம் வேறு பெட்டியில் ஏறினாள். மூன்றாவது வாரம் பியாட்ரிஸே பிளாட்பாரத்தில் அவளைப் பிடித்து இழுத்து வந்து பக்கத்தில் உட்கார வைத்தார். "சூபர்வைசரம்மா எங்ககூட உக்காரக்கூடாதா? வா, மூணாவது மாடி பாத்ரூம் ஃபிளஷ்ஷு ஒழுவுது, எழுதிக்கோ" என்றார். ராதிகா அழுதுகொண்டே எழுதிக்கொண்டாள்.

ஆகஸ்ட் கடைசியில் பியாட்ரிஸுக்கும் ரத்தினம்மாவுக்கும் ஒரே மாதிரிக் கடிதம் வந்தது. பதினேழாவது கேள்விக்கு மாற்று விடையும் ஏற்றுக்கொள்ளப்படுகிறது, முறைகேட்டுக் குறிப்பு நீக்கப்படுகிறது, நாலு மார்க் சேர்த்து பியாட்ரிஸுக்கு மொத்தம் முப்பத்தேழு என்று இரண்டு வரி. வருந்துகிறோம் என்ற சொல் எந்த மூலையிலும் இல்லை. விநாயக் சத்தமாகப் படித்து முடித்ததும் பெட்டியில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். பியாட்ரிஸ் காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மாத்து விடையாம்! எது மாத்து? ரெண்டுமே விடைதானே தம்பி? நீதானே சொல்லிக்குடுத்த, ரெண்டு வரும்னு?"

"ஆமா அக்கா."

"அப்ப அதையும் எழுது. திருத்தவும்னு."

இரண்டாவது மனுவுக்கு இதுவரை பதில் இல்லை. நிறுவனமும், அடுத்து இடம் காலியானால் பார்க்கலாம் என்று வாயால் சொன்னதோடு சரி.

பியாட்ரிஸுக்கு இப்போது நாற்பத்து நான்கு வயது. நந்திதுர்க்கில் அதே லைன் வீட்டில் இருக்கிறார். அதே கட்டடத்தில் ராதிகாவின்கீழ் துப்புரவு வேலை செய்கிறார். இந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமான பி.யூ.சி.க்குத் தனியாகப் பதிவு செய்திருக்கிறார். எடுத்த பாடங்களில் கணக்கும் ஒன்று.